ஷேர் ஆட்டோவில் ஓர் எண்ணெய்ப் புட்டி

வல்லம் வடகாலில் லேத் வேலையை விட்டுவிட்டுக் கிளம்பியிருந்தேன். மெஷின் சூடு தணிய ஊற்றும் கூலன்ட் பட்டுப் பட்டு இரண்டு கைகளும் வெடித்திருந்தன. ஸ்பேனரை இறுக்கினால் ரத்தம் வந்தது. இந்தக் கைகளுக்கு இனிக் கம்பெனி வேலை ஆகாது, ஊருக்கே ரயிலேறிவிடலாம் என்றிருந்தேன்.

சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்குப் போகும் ஷேர் ஆட்டோவில், எதிரே கார் கம்பெனி பெயின்ட் ஷாப் யூனிஃபார்மில் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். பையிலிருந்து தேங்காய் எண்ணெய்ப் புட்டியை எடுத்து முழங்கை வரை தேய்த்துக்கொண்டாள். ஷிஃப்டில் எண்ணெயோ க்ரீமோ தடவக் கூடாதாம். பட்டால் பெயின்டில் குழி விழுமாம். அதனால் அவளுக்கு ஆட்டோதான் அழகு நிலையம்.

என் கையைப் பார்த்தாள். "இன்னாண்ணா, எதுல கழுவுற?"

"துணி தோய்க்கிற பவுடர்ல. பக்கத்து மெஷின்காரரும் அதுலதான் கழுவுறாரு. அவர் கை நல்லாத்தான் இருக்கு."

"அவரு மூஞ்சில எண்ணெ வழியுமா?"

"வழியும். அப்பளமே பொரிக்கலாம்."

சிரித்துவிட்டாள். "அவரு தோலு தாங்கும்ண்ணா. உன்னுது என்னுது மாதிரி வறண்ட தோலு. குளிக்கிற சோப்புல கழுவு, ஈரம் காயறதுக்குள்ள எண்ணெ வை. கைய நீட்டு."

நீட்டினேன். எண்ணெய் பட்டதும் எரிந்தது, பிறகு அடங்கியது. இறங்கும்போது புட்டியை என் மடியிலேயே வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் ஷிஃப்ட் முடிந்து அவள் எதைத் தேய்த்துக்கொண்டாளோ என்று இன்னும் யோசிக்கிறேன்.

ரயில் வந்தது. நான் ஏறவில்லை. மறுநாள் காலை, கூலன்டே தொட வேண்டாத, கார் சீட்டுக்கு உறை மாட்டும் கம்பெனியில், துணிக் கையுறை போட்டுக்கொண்டு வேலைக்கு நின்றேன்.