எண்பது காட்டிய சுவர்

தெல்ஃபினா ஒரான்டியா பீனிக்ஸ் நகரத்தில் வாழ்நாளெல்லாம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். பின்னால் நடக்கும் அடிதடியைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்தே, யார் பேச்சையும் அப்படியே நம்பாத குணம் வந்துவிட்டது. "நான் அடிக்கல" என்று சொல்லும் பையனின் கையைத்தான் முதலில் பார்ப்பாள்.

அந்த ஜூலையில் அவள் வீட்டு ஏசி சரியாக வேலை செய்யவில்லை. சுவரிலிருந்த வெப்பம் காட்டும் கருவி மட்டும் எண்பது டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது இருபத்தேழு செல்சியஸ்தான், என்று காட்டியது. அவளோ ஈரத்துணியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குடியிருப்பின் மேலாளன் ட்ரெவர் வந்து கருவியைத் தட்டிக் காட்டினான்.

"எண்பதுதானே மேடம் காட்டுது? எண்பத்திரண்டுக்கு மேல போனாத்தான் சட்டப்படி தப்பு."

"அந்தச் சுவருக்கு வேர்க்காது தம்பி. எனக்கு வேர்க்குது."

"வேற யாருமே புகார் பண்ணல. பக்கத்து வீட்டு ஆர்லனைக் கேட்டுப் பாருங்க."

கேட்டாள். ஆர்லன் க்ரோவ் கூரை வேலை செய்து ஓய்வு பெற்றவர், தனி ஆள். கதவைத் தலை நுழையும் அளவுக்கு மட்டும் திறந்தார்.

"எனக்கென்ன, ஜில்லுனு இருக்கு. ராத்திரியில ஸ்வெட்டர் போட்டுக்கிறேன்."

ஸ்வெட்டராம். வெளியே நூற்றுப் பதினான்கு டிகிரி. இந்த ஆள் மேலாளனுக்கு ஒற்று பார்க்கிறவன் என்று தெல்ஃபினா அன்றே முடிவு கட்டினாள். யார் முணுமுணுக்கிறார்கள் என்று போய்ச் சொல்வதற்குக் கைம்மாறாக அவருக்கு மட்டும் புது ஏசி போட்டிருப்பார்கள். கிறிஸ்துமஸுக்கு மக்காச்சோள மாவில் கொழுக்கட்டை மாதிரி அவித்த தமாலே அவருக்குக் கொடுத்ததை நினைத்துத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

மறுநாள் குப்பை போடப் போனபோது கண் தானாக வீட்டுப் பின்சுவருக்குப் போனது. ஏசி ஓடினால் அங்கிருக்கும் சின்னக் குழாயில் தண்ணீர் சொட்டும். அவளுடையது அரைகுறையாகச் சொட்டியது. ஆர்லனுடைய குழாயின் அடியில் மண் வெந்து வெடித்திருந்தது. குழாயின் வாயில் சிலந்தி வலை கட்டியிருந்தது.

ஜில்லென்று இருக்கிறதாம். எதற்கு இந்தப் பொய்?

நேராகப் போய்க் கதவைத் தட்டினாள். பதில் இல்லை. ஜன்னலில் கை வைத்தாள். தோசைக்கல் மாதிரி சுட்டது. "ஆர்லன், நீங்க திறக்கலன்னா ஆம்புலன்ஸைக் கூப்பிடுவேன்" என்றாள். வெகு நேரம் கழித்துத் தாழ்ப்பாள் நகர்ந்தது. உள்ளேயிருந்து வந்த காற்று அடுப்பங்கரைக் காற்று. நனைந்த பனியனோடு நின்றவர் சுவரைப் பிடித்தபடியே தரையில் சரிந்தார்.

ஆம்புலன்ஸ் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனதும், தெல்ஃபினா நகராட்சிக்குப் போன் செய்தாள். ஆர்லன் மருத்துவமனையில் இருந்தபடியே தன் வீட்டைத் திறந்து பார்க்கச் சம்மதம் கொடுத்தார். நகராட்சியிலிருந்து வந்த பெண் அதிகாரி, அறை நடுவில், தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் வெப்பமானியை வைத்தாள். ஆர்லன் வீட்டில் நூறைத் தாண்டியது. தெல்ஃபினா வீட்டில் எண்பத்தெட்டு. சுவர்க் கருவி அப்போதும் எண்பதுதான் என்றது.

"இதை யாரோ வேணும்னே எட்டு டிகிரி குறைச்சுக் காட்டும்படி வச்சிருக்காங்க" என்றாள் அதிகாரி.

ட்ரெவர் பழுது பார்க்க வந்த ஆளின் மேல் பழியைப் போட்டான். தெல்ஃபினா அவன் கையைத்தான் பார்த்தாள்.

இரண்டு வீட்டிலும் புது ஏசி வந்தது. ஆர்லனும் தெளிந்து வீடு திரும்பினார். தெல்ஃபினா சூப் எடுத்துக்கொண்டு போனாள். மனதில் இருந்ததை மறைக்கவில்லை.

"ஏன் பொய் சொன்னீங்க? நீங்க அந்த ட்ரெவரோட ஆளுன்னு நெனச்சேன்."

ஆர்லன் கரண்டியைக் கீழே வைத்தார். "புகார் பண்றவங்களுக்கு அடுத்த வருஷம் வீடு கிடையாதுன்னு சொல்லியிருந்தான். அடுத்த நாளே நீங்க வந்து உங்க வீடு எப்படின்னு கேக்கறீங்க. அவன்தான் உங்களை அனுப்பி ஆழம் பாக்கறான்னு நான் நெனச்சேன்."

"என்னையா?"

"பின்ன? தமாலே வேற கொடுத்தீங்க. சும்மா யாரு கொடுப்பா?"

அவளுக்குச் சட்டென்று கோபம் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. புகார் செய்ததற்காக ஒருவரை வெளியேற்றுவதும் சட்டப்படி குற்றம் என்று அதிகாரி சொன்னதை அவரிடம் சொன்னாள்.

"அப்படி அவ சொன்னாளா?" என்றார் ஆர்லன். "எழுதி வாங்கினீங்களா?"