மிஷினுக்கு நேர்ந்த முடி

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. சொந்தமாக ஒரு நிட்டிங் மிஷின் போட வேண்டும் என்று ஒரே பிடிவாதம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அந்த மிஷினைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். நூல் உள்ளே போய்த் துணியாக இறங்குவதைப் பார்க்கும்போதெல்லாம், இது அடுத்தவனுடையதாச்சே என்று வயிறு எரியும். சும்மா இருக்க முடியாமல் ஒரு கிருத்திகையன்று பழனி மலையேறி, சொந்த மிஷின் வந்த பிறகுதான் தலைமுடியும் தாடியும் எடுப்பேன் என்று முருகனிடம் நேர்ந்துகொண்டு வந்துவிட்டேன். எங்கள் பக்கம் பிள்ளை வரத்துக்கு வளர்ப்பார்கள், நோய் தீர வளர்ப்பார்கள். மிஷினுக்கு வளர்த்த கிறுக்கன் நான் ஒருவன்தான்.

ஒன்றரை வருஷத்தில் முடி தோளுக்கு வந்தது. மிஷின் வரவில்லை. ஓடுகிற பெல்ட்டில் முடி மாட்டினால் தலையே போய்விடும், வெட்டிவிட்டு வா, இல்லாவிட்டால் வராதே என்று மேஸ்திரி கண்டிப்பாகச் சொன்னார். அவர் சொன்னது நியாயம். எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம். சாமிக்கு நேர்ந்ததை வெட்டச் சொல்ல நீ யார் என்று கத்திவிட்டு வெளியே வந்தேன். மிஷின் வேண்டி வளர்த்த முடிக்காக, ஓட்டிக்கொண்டிருந்த மிஷினையே விட்டுவிட்டு வந்த என் சாமர்த்தியம், நெருப்பெரிச்சல் என்ற பக்கத்து ஊரில் இருந்த எங்கள் வீடு வந்து சேரும்வரை உறைக்கவில்லை.

என் மனைவி, தன் பிறந்த வீட்டில் கொடுத்த தையல் மிஷினை வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டாள். வேறொரு கம்பெனியிலிருந்து வெட்டிய துணிகளைக் கட்டாக வாங்கிவந்து பனியன் தைக்க ஆரம்பித்தாள். எனக்கோ அவமானம். நிட்டிங் போடப் போகிறவன் வீட்டில் தையலா? வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டே இருப்பேன். நடந்து அலுத்தால் அவள் பக்கத்தில் உட்கார்ந்து துணிகளை ஜோடி சேர்த்துக் கொடுப்பேன், அதையும் உர்ரென்று.

ஒருநாள் ஒரு கட்டு முழுசாகத் திரும்பி வந்தது. வெள்ளைப் பனியன்களில், கழுத்துத் தையலுக்குள் நீளநீளமாகக் கறுப்பு முடி. அவள் தலையில் துணி கட்டிக்கொண்டுதான் தைக்க உட்காருவாள். யாருடைய முடி என்று கேட்கவே வேண்டாம். இன்னொரு தடவை இப்படி வந்தால் துணி கிடையாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அவள் தரையில் உட்கார்ந்து தையலைப் பிரிக்கத் தொடங்கினாள். சாமி காரியம், கொஞ்சம் பொறுத்துத்தான் ஆக வேண்டும் என்று முனகினேன். அவள் தலை நிமிராமல் கேட்டாள்.

"முருகங்கிட்டச் சொல்லிப்போட்டீங்க, சரிங்க. எங்கிட்டச் சொன்னீங்களா?"

சுருக்கென்றது. மலையேறியது, வேலையை விட்டது, எதையும் அவளிடம் நான் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து நானும் பிரித்தேன். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் பழனிக்குப் போனேன்.

அடிவாரத்தில் முடி எடுக்கிற பெரியவர் தலையில் தண்ணீரைத் தேய்த்தபடி, வேண்டுதல் நிறைவேறிவிட்டதா என்று விசாரித்தார். இல்லை என்றேன். கத்தியைப் பிடித்த கை நின்றுவிட்டது. தெய்வ குத்தமாகிவிடும் என்று பயந்தார்.

"எடுங்க சாமி. ஊட்ல தையல் நிக்குது" என்றேன்.

மொட்டைத் தலையோடு சன்னிதியில் நின்றபோதும் பாழாய்ப்போன ஆசை அடங்கவில்லை. நிட்டிங் மிஷின் என்று மறுபடியும் வாய்வரை வந்தது. அவளைக் கேட்டுவிட்டு வந்து சொல்கிறேன் என்று முருகனிடம் சொல்லிவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க ஓடி இறங்கினேன்.