மைதானத்துக்கு எதிர்வீட்டு றெபேக்கா

"அந்தத் துணியை ஆர் வெட்டினது?" என்று இன்றைக்குக் கேட்டாலும் றெபேக்கா அக்கா "நான்தான்" என்பா. காற்றில் கிழிந்தது என்று சொல்லியிருக்கலாம். கணவர் சொல்லியும் பார்த்தார். அவ விடவில்லை.

நாங்கள் இரண்டு பேரும் இத்தாலியில், பலெர்மோவில், ஒரே கோயில் பங்கு, ஒரே பாடகர் குழு. அவ மன்னார் பேசாலை, நான் நெடுந்தீவு. அக்கா காலையில் ஒரு டொக்டர் வீட்டில் கூட்டித் துடைப்பா. பின்னேரம் நடக்க முடியாத ஒரு வயோதிப சிஞோராவைக் குளிப்பாட்டிச் சாப்பாடு தீத்திவிட்டு, அப்படியே பாட்டுப் பழக வருவா. குரல் பெரிதில்லை. ஆனால் தாளம் பிந்தினால் ஓர்கன் வாசிக்கிற ஃபாதரையே நிறுத்தச் சொல்லுகிற ஆள்.

வீடு பல்லரோ சந்தைக்குப் பின்னால், ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடி. இரண்டு அறை, ஒரு குசினி, தெருப்பக்கம் ஒரு பல்கணி. எதிரே பாழடைந்த பஸ் டிப்போ கிடந்தது. உடைந்த மெத்தையும் பழைய குளியல்தொட்டியும் கொண்டுவந்து கொட்டுகிற இடம். கோடை வந்தால் யாராவது நெருப்பு வைப்பார்கள். கறுப்புப் புகை நேரே அக்காவின் வீட்டுக்குள் வரும். அந்த நாளில் அந்த வீட்டை ஒருவரும் கேட்கவில்லை. அக்காவும் கணவர் விமலராஜ் அண்ணையும் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, ஒழுகின குழாயை மாற்றி, கதவுக்குப் பூட்டுப் போட்டுக் குடியிருந்தார்கள். மகள் கிளறா நடை பழகினது அந்தப் பல்கணியில்தான்.

பிறகு டிப்போவை இடித்து மைதானம் கட்டினார்கள். பேஸ்போல் மைதானம். கீழ்ப்பிரிவில் ஆடுகிற ஓர் உள்ளூர்க் குழுவுக்கு. இந்த ஊரில் கால்பந்தை விட்டால் வேறு ஆட்டத்தை யார் பார்ப்பார்கள் என்று எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் கட்டி முடிந்ததும் சனம் வந்தது. விமலராஜ் அண்ணை ஊரில் கிரிக்கெட் ஆடினவர், இங்கே மொண்டெல்லோவில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடைக் குசினியில் வேலை. முதல் ஆட்டத்தைப் பல்கணியில் நின்று பார்த்துவிட்டு, "கிரிக்கெட்தான். விக்கெட்டை மட்டும் ஆரோ களவெடுத்திட்டாங்கள்" என்றார்.

மைதானம் வந்ததில் முதலில் சந்தோஷப்பட்டது றெபேக்கா அக்காதான். இதைச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் பிறகு ஒரு பேப்பரில் அவவை வளர்ச்சிக்கு எதிரானவ என்று எழுதினார்கள். தெருவுக்கு லைட் வந்தது. குப்பை லொறி ஒழுங்காக வந்தது. கிளறாவுக்கு மைதானத்து ரிக்கற் கவுண்டரில் வேலை கிடைத்தது. வீடு துடைக்காத வேலை, எங்கள் பிள்ளைக்கு. அக்கா அந்த ஞாயிறு கோயிலுக்குக் கேக் அடித்துக்கொண்டு வந்தா.

மற்றது பின்னால் வந்தது. மூலையில் ரயர் ஒட்டுகிற கடை பூட்டி, பச்சை நிறத்தில் ஏதோ குடிக்கக் கொடுக்கிற பார் திறந்தது. பக்கத்துக் கட்டடம் முழுவதும் சுற்றுலாக்காரர் தங்குகிற அறைகளாக மாறியது. அக்காவின் கட்டடத்தையும் பழைய சொந்தக்காரரின் பிள்ளைகள் ஒரு கம்பனிக்கு விற்றார்கள். இரண்டாம் மாடியில் இருந்த மொறீசியஸ் குடும்பம், ஜில்பெரும் மரி-ஜோசேயும், நகரத்து ஓரத்தில் இருக்கிற பிரான்காச்சோவுக்குப் போய்விட்டார்கள். போகிற அன்று மரி-ஜோசே பல்கணிப் பூச்சாடிகளை அக்காவிடம் கொடுத்துவிட்டு அழுதா. கடைசியில் கட்டடத்தில் மிஞ்சினது இரண்டு வீடு: மூன்றாம் மாடியில் அக்கா, நாலாம் மாடியில் ரொசாலியா என்ற இத்தாலிய விதவை.

கம்பனியிலிருந்து ரிக்கார்தோ என்று ஒருவன் வந்தான். நல்ல உடுப்பு, மரியாதையான பேச்சு. அக்கா அவனைக் குசினி மேசையில் இருத்திக் கோப்பி வைத்தா.

"பிரான்காச்சோவில் இதைவிடப் பெரிய வீடு தருகிறோம், சிஞோரா. லிஃப்ட் இருக்கிறது. சாமான் ஏற்றுகிற செலவும் எங்களுடையது."

"காலையில் வேலைக்கு வர?"

"பஸ் இருக்கிறது."

"இருக்கிறது தெரியும். வருமா?"

அவன் சிரித்தான். "இந்தத் தெரு மாறப்போகிறது, சிஞோரா. ஆட்டம், பாட்டு, சனம். உங்களுக்குச் சத்தம் ஒத்துவராது."

"எதிரே டிப்போ எரிந்தபோது, புகை ஒத்துவருகிறதா என்று ஒருவரும் வந்து கேட்கவில்லையே" என்றா அக்கா. "ஒப்பந்தம் இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது. வாடகை ஒரு மாதம் பிந்தினதில்லை. கோப்பி ஆறமுதல் குடியுங்கோ."

அவவின் இத்தாலியன் சந்தையில் பழகினது. அலங்காரம் இல்லை, ஆனால் யாருக்கும் விளங்காமல் போகாது.

நத்தார்ப் பண்டிகை முடிந்து கொஞ்ச நாளில் கட்டடத்தின் முன்பக்கம் சாரம் கட்டினார்கள். திருத்த வேலை என்றார்கள். அடுத்த நாள் சாரத்தின் மேலிருந்து கீழ்வரை ஒரு பெரிய பிளாஸ்ரிக் துணியை இழுத்துக் கட்டினார்கள். துணி முழுக்க விளம்பரப் படம். ஒரு பல்கணி, அதில் வைன் கிளாஸோடு ஓர் ஆணும் பெண்ணும், கீழே பச்சை மைதானம். "உங்கள் வீட்டிலிருந்தே ஆட்டம் பாருங்கள்" என்று கொட்டை எழுத்து.

அந்தப் படத்துக்குப் பின்னால் அக்காவின் வீடு இருண்டது. பகலிலும் லைட் போடவேண்டும். காயப்போட்ட உடுப்பு மூன்று நாளாகியும் ஈரம். குழம்பு வைத்தால் வாசம் வெளியே போகாது. விமலராஜ் அண்ணைக்கு ஏற்கனவே இழுப்பு. சுவரில் பூஞ்சணம் பிடிக்க அவருக்கு இருமல் கூடியது. அக்கா கம்பனிக்குப் போன் எடுத்தா. "இரண்டு மாதம்" என்றார்கள். நேரே போனா. "கொஞ்சம் பொறுங்கள்" என்றார்கள். சாரத்தில் ஒரு வேலைக்காரன்கூட ஏறவில்லை. ஒரு வாளிச் சாந்துகூட வரவில்லை.

"எங்களை புகை போட்டுக் கடிக்கிற நுளம்பைக் கலைக்கிற மாதிரிக் கலைக்கப் பார்க்கிறாங்கள்" என்று பாட்டுப் பழகிவிட்டுப் போகிற வழியில் என்னிடம் சொன்னா. "நான் நுளம்பு இல்லை, கண்டியோ."

சித்திரையில் புதிய ஆட்டப் பருவம் தொடங்கியது. முதல் ஆட்டம் ஒரு ஞாயிறு. பூசை முடிந்து அக்கா என்னைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனா. வெளியே நல்ல வெயில், மைதானத்தில் பாண்ட் வாத்தியம். நாங்கள் லைட்டைப் போட்டுக்கொண்டு மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டோம். விமலராஜ் அண்ணை இரண்டு வாய் வைத்துவிட்டு இருமத் தொடங்கினார். முகம் சிவந்து, கண் கலங்கி, மேசையைப் பிடித்துக்கொண்டு இருமினார்.

அக்கா எழும்பினா. குசினிக்குள் போய் மீன் வெட்டுகிற பெரிய கத்தியை எடுத்துக்கொண்டு பல்கணிக்கு நடந்தா.

"இஞ்சாரும்! என்ன செய்யப் போறீர்?" அண்ணை எழும்ப முதல் அக்கா கத்தியைத் துணியில் குத்திவிட்டா.

பிளாஸ்ரிக் லேசில் வெட்டுப்படவில்லை. இரண்டு கையாலும் பிடித்து அறுத்தா. மேலே ஒரு கோடு, பக்கங்களில் இரண்டு கோடு. துண்டு கீழ்நோக்கி மடிந்து விழ, வீட்டுக்குள் அப்படியே வெயில் பாய்ந்தது. நான் கண்ணை மூடிவிட்டேன். அவ்வளவு வெளிச்சம்.

வெட்டினது படத்துப் பெண் நின்ற இடத்தில். அது அக்கா பார்த்து வெட்டினது இல்லை, அவவின் பல்கணி அந்த உயரத்தில் இருந்தது, அவ்வளவுதான். ஆனால் மைதானத்தில் இருந்த சனத்துக்கு என்ன தெரிந்திருக்கும்? கிளாஸ் பிடித்தபடி அந்த ஆண் சிரித்துக்கொண்டு நிற்கிறான். அவனுக்குப் பக்கத்தில் எங்கள் றெபேக்கா அக்கா, பூசைக்குக் கட்டின சேலையோடு, ஈர உடுப்பு வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு, அண்ணை உடுக்கிற சாரத்தை உதறிக் கொடியில் போடுகிறா.

முதலில் ஒரு மூலையில் சிரிப்புக் கேட்டது. பிறகு கைதட்டல். பிறகு முழு மைதானமும். பந்தெறிய நின்றவன்கூடத் திரும்பிப் பார்த்தான். அக்கா சிரிக்கவில்லை, கையும் காட்டவில்லை. அடுத்த உடுப்பை எடுத்தா.

அப்போது மேலிருந்து சத்தம். "றெபேக்கா! மேலே வா! கத்தியோடு வா!"

ரொசாலியா. அக்கா வாளியை என்னிடம் தந்துவிட்டுப் படியேறிப் போனா. கொஞ்ச நேரத்தில் படத்து ஆகாயத்தில் இன்னொரு ஓட்டை விழுந்தது. அதில் வெள்ளைத் தலைமுடியோடு ரொசாலியா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றா. மைதானம் இன்னொருமுறை ஆர்ப்பரித்தது.

ஆட்டம் முடிய முதலே நகரசபைப் பொலிஸ் இரண்டு பேர் வந்தார்கள். விமலராஜ் அண்ணை முன்னால் போய், "காற்று, சிஞோர். பெரிய காற்று அடித்தது, கிழிந்துவிட்டது" என்றார்.

"காற்று இல்லை" என்றா அக்கா. "நான்தான் வெட்டினேன். இந்தக் கத்தியால். மேல் வீட்டுத் துணியையும் நானேதான்."

"உமக்கு விசரே?" என்று அண்ணை தமிழில் பல்லைக் கடித்தார். "இஞ்சை இருக்கிற பெர்மெஸோ புதுப்பிக்கிற வருஷமெல்லே இது!"

"ஓம், தெரியும். பொய் சொல்லித்தான் இஞ்சை இருக்கவேணுமெண்டால் எனக்கு அந்தப் பெர்மெஸோ வேண்டாம்" என்றா அக்கா. பிறகு பொலிஸ்காரர் பக்கம் திரும்பி, "இருங்கள். எழுதுங்கள். பெயரைச் சரியாக எழுதுங்கள்" என்றா.

அன்று சாயந்தரம் கிளறா அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தாள். கட்டடத்தை வாங்கின கம்பனிதான் பேஸ்போல் குழுவுக்கு விளம்பரம் கொடுக்கிறது. மைதானத்து மனேஜர் அவளைக் கூப்பிட்டு, அம்மாவை மன்னிப்புக் கேட்கச் சொல் என்றிருக்கிறார்.

"அம்மா, எனக்கு இந்த வேலை, இந்த லவோரோ தந்தது அந்த மைதானம்! கப்பீத்தோ, விளங்குதோ? நீங்கள் ஏன் எல்லாருக்கும் முன்னாலை..."

அக்கா மகளின் முகத்தைத் துடைத்துவிட்டா. "நீ வேலையை விடவேண்டாம். நானும் வீட்டை விடமாட்டன். ரெண்டும் வேறை வேறை."

திங்கட்கிழமை வேலைக்குப் போகிற வழியில் மைதானத்து ஒஃபிசுக்குள் நுழைந்து மனேஜருக்கும் அதையே சொன்னா. "மகள் இங்கே வேலை செய்கிறாள். நான் அங்கே குடியிருக்கிறேன். அவளிடம் பிழை இருந்தால் அவளிடம் சொல்லுங்கள். என்னிடம் பிழை இருந்தால் என் வீட்டுக் கதவைத் தட்டுங்கள், எதிரேதான் இருக்கிறது." அந்த மனிதர் என்ன நினைத்தாரோ, கிளறாவிடம் அந்தப் பேச்சைத் திரும்ப எடுக்கவில்லை. கிளறா ஒரு கிழமை அம்மாவோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பிறகு ஒருநாள் ரிக்கற் வாங்க வந்த யாரோ, "துணி வெட்டின பெண் உன் அம்மாவா?" என்று கேட்க, "ஓம், என் அம்மாதான்" என்று சொன்னாளாம். அதை அவளே வந்து சொன்னாள்.

கம்பனி வழக்குப் போட்டது. பங்குக்குள்ளும் கதை இரண்டாகப் பிரிந்தது. "வந்த நாட்டிலை அடங்கி இருக்கவேணும்" என்று எங்கள் தமிழ்ச் சங்கத்தலைவர் இராஜநாயகம் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். ஃபாதரும், "ஒரு சின்ன மன்னிப்பு, றெபேக்கா. முடிஞ்சிடும்" என்றார்.

"பாவசங்கீர்த்தனத்திலை கேளுங்கோ ஃபாதர், என்ர பாவமெல்லாம் சொல்லுறன்" என்றா அக்கா. "இது அதிலை வராது."

அக்காவுக்காக வாதாட வந்த குடியிருப்பாளர் சங்கத்து வக்கீல் ஓர் இளம் பெண். சாரம் கட்டத் திருத்த வேலைக்கென்றுதான் அனுமதி. வேலை நடக்கவே இல்லை, பிறகு சாரம் எதற்கு என்று அவ நீதிமன்றத்தில் கேட்டா. கோடை முடிய முதல் தீர்ப்பு வந்தது. துணியும் சாரமும் கழற்றவேண்டும். அடுத்தவன் பொருளை வெட்டினதற்கு அக்கா அபராதம் கட்டவேண்டும். நாங்கள் பாடகர் குழுவில் சேர்த்துக் கொடுக்கிறோம் என்றோம். "என்ர கை செய்த வேலை, நானே கட்டுறன்" என்று மறுத்துவிட்டா.

துணி இறங்கின அன்று ரொசாலியா பல்கணியில் நாற்காலி போட்டுப் பகல் முழுக்க இருந்தா. அண்ணையின் இருமல் குறைந்தது. முழுதாகப் போகவில்லை.

வெற்றி என்று சொல்லமுடியாது. ஒப்பந்தம் முடிந்தால் புதுப்பிக்கமாட்டோம் என்று கம்பனி அறிவித்துவிட்டது. இரண்டாம் மாடியில் இப்போது கிழமைக்கொரு புதுச் சுற்றுலாக்காரர். படியில் சூட்கேஸ் இழுக்கிற சத்தம். இன்னும் ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான் அக்காவுக்கு அங்கே சட்டப்படி காலம். அதற்குப் பிறகும் வீட்டை விட்டு எழும்பமாட்டேன் என்கிறா. வக்கீலும் சண்டை பிடிக்கலாம் என்கிறா, வெல்லலாம் என்று சொல்லவில்லை.

போன மாதம் அக்காவின் பழைய பிரிட்ஜ் பழுதாகிவிட்டது. சின்னதாக ஒன்று வாங்கினால் காணும், நாளைக்கு எங்கே போகிறோமோ என்றார் அண்ணை. அக்கா கடையில் ஆக உயரமான, இரட்டைக் கதவுப் பிரிட்ஜைக் காட்டினா. அது படியால் ஏறவில்லை. ஆட்ட நாள், தெரு நிறையச் சனம். ஏணி லொறி ஒன்று பிடித்து, பிரிட்ஜைத் தெருவிலிருந்து நேரே பல்கணிக்கு ஏற்றினார்கள். நான் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பனிக்கார ரிக்கார்தோவும் அந்த வழியாக வந்து என் பக்கத்தில் நின்றான்.

"சிஞோரா றெபேக்கா!" என்று மேலே பார்த்துக் கூப்பிட்டான். "இன்னும் ஒரு வருஷத்துக்கு இவ்வளவு பெரிய பிரிட்ஜா?"

அக்கா பல்கணியில் நின்று பிரிட்ஜின் ஒரு பக்கத்தைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டிருந்தா.

"பத்து வருஷம் உத்தரவாதம்" என்றா. "விலகி நில்லுங்கள், தலையில் விழப்போகிறது."