கொல்லிமலையில் நான் தின்ற சினை மீன்

போன ஐப்பசியில் மூன்று நாள் கொல்லிமலை போயிருந்தேன், சுற்றிப் பார்க்க அல்ல. செம்மேட்டுக்கு அப்பால் ஒரு சின்ன நீர்த்தேக்கம். அதுவரை வெளியூர்க் குத்தகைக்காரர் கையில் இருந்த மீன்பிடி உரிமை, மலைவாழ் மக்களின் சங்கத்துக்கு ஓராண்டுச் சோதனையாகக் கிடைத்திருந்தது. மீன் அழியாமல் பார்த்துக்கொண்டால் உரிமை நீளும். இல்லையென்றால் மறுபடி குத்தகைதான். விதிகள் எழுத உதவ என்னைக் கூப்பிட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நாமக்கல்லில் காலை ஆறரைக்கு பஸ் ஏறினேன். காரவள்ளி தாண்டினால் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள். ஒன்பதரைக்குச் செம்மேடு. அங்கிருந்து ஆட்டோவுக்கு முந்நூறு ரூபாய்.

அன்றே கூட்டம். மழை மாதங்களில் மீன் சினையோடு இருக்கும்; கார்த்திகை முடியும்வரை யாரும் வலை போடக்கூடாது. மீறினால் அந்த வருஷம் வலையும் இல்லை, பங்கும் இல்லை. நான் எழுதியதைச் சங்கத் தலைவி பாப்பாத்தி அக்கா வாசிக்க, எல்லோரும் கைதூக்கினார்கள்.

தங்கியது சங்க உறுப்பினர் காளியண்ணன் வீட்டில். மகளின் காலேஜ் செலவுக்கு மீன் பங்கைத்தான் நம்பியிருப்பதாகச் சொன்னார். மறுநாள் மதியம் சாமைச்சோறும் கீரையும். நாக்கைக் கட்டத் தெரியாத ஜென்மம் நான். "தண்ணிக்குப் பக்கத்துல இருந்துகிட்டு மீன் இல்லாத சாப்பாடா?" என்று கேட்டுவைத்தேன். விளையாட்டுக்குத்தான் கேட்டேன் என்று இன்னும் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ராத்திரி மிளகு போட்ட மீன் குழம்பு வந்தது. "நல்லாச் சாப்புடுங்க" என்று சினையை எடுத்து என் தட்டில் வைத்தார் காளியண்ணன். ஏது மீன் என்று நான் கேட்கவில்லை. மறுசோறும் வாங்கித் தின்றேன். ஊருக்குத்தானே உபதேசம்!

அவர் வலை போட்டதை யாரோ பார்த்துவிட்டார்கள். காலையில் மறுபடி கூட்டம்.

"ஏனுங்க காளியண்ணா, வலை போட்டீங்களா?" என்றார் பாப்பாத்தி அக்கா.

"போட்டனுங்க. எனக்குத்தான் தின்ன ஆசையாப் போச்சு." என் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

நான் அப்போதே எழுந்திருக்க வேண்டும். மென்று முழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வலையும் பங்கும் கிடையாது என்று முடிவான பிறகுதான் எழுந்தேன். "கேட்டது நான்தாங்க. தின்னதும் நான்தான். அவரை விட்டுருங்க."

"தெரியுங்க சாமி," என்றார் அக்கா. "அவருக்கு மீனே ஆகாது, ஊருக்கே தெரியும். நீங்களா எந்திரிச்சுச் சொல்லுவீங்கன்னு அத்தன நேரம் பாத்துக்கிட்டு இருந்தோம். இப்ப ஒருத்தருக்காக மாத்துனா நாளைக்கு எல்லாரும் வலை போடுவாங்க, உரிமையே போயிருமுங்க."

வெட்கத்தில் கூனிக்குறுகிப் போனேன்.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: தை முதல் சித்திரை வரை போங்கள், கரையிலேயே சங்கத்து ஆட்கள் மீன் விற்பார்கள். மழைக்காலத்தில் போனால், போட்டதைத் தின்றுவிட்டு வாயை மூடிக்கொண்டிருங்கள். அந்த ஊரில் விருந்தாளி கேட்டு இல்லை என்று சொல்ல மாட்டார்கள்.

காளியண்ணன் பஸ் ஏற்றிவிட வந்தார். கோபம் கொஞ்சமும் இல்லை. "தை மாசம் வாங்க. அப்ப நானே நல்ல மீனாப் புடிச்சு..." என்று ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திவிட்டு ரோட்டைப் பார்த்தார்.