கணக்கு ஓடாத பரம்பரையும் என்ட ஆட்டோவும்

பின் சீட்டுக்குக் காதையும் முன் ரோட்டுக்குக் கண்ணையும் கொடுத்து ஓடுறதுதான் கிளாஸ் ஆட்டோத் தொழில். சாய்ந்தமருதிலிருந்து கல்முனைக்கு, பின்னேரக் கணக்குக் கிளாசுக்குப் பெண் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறேன். நான் நாலாம் வகுப்போடு கடலுக்குப் போனவன். கரைவலை இழுத்து இடுப்பு விட்ட பிறகுதான் ஹாண்டில் பிடித்தேன். கணக்குப் பாடம் எனக்குத் தெரியாது, ஆனால் அந்தப் பாடத்தால் வருகிற கரைச்சல் முழுக்கத் தெரியும். பிள்ளையைக் கிளாசுக்கு அனுப்பிவிட்டு வீட்டில் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருக்கிற உம்மா வாப்பாமாரே, நானும் உங்கட கட்சிதான்.

மாடு மறித்தால் சந்தோசம்

தமிழ்க் கிளாசுக்குப் போகிற நாளில் பின் சீட்டுச் சத்தத்தில் என்ட ஹோர்ன் எனக்கே கேட்காது. கணக்குக் கிளாஸ் நாளில் அதே பிள்ளைகள் பல்லுக் கழற்றப் போகிற ஆக்கள் மாதிரி வாயைப் பொத்திக்கொண்டு வருவார்கள். சுகமில்லை என்று நிற்கிற பிள்ளைக்கும் அன்றைக்குத்தான் சுகமில்லாமல் போகும்.

ஒருநாள் மெயின் ரோட்டில் நாலைந்து மாடுகள் குறுக்கே படுத்து அசைபோட்டுக்கொண்டு கிடந்தன. முன்னால் பஸ்ஸும் நிற்கிறது, லொறியும் நிற்கிறது. கிளாசுக்குச் சுணங்குதே என்று நான் ஹோர்னில் கையை வைத்தேன். பின்னாலிருந்து ஒரு சின்னக் கை என்ட தோளைத் தொட்டது. எங்கட பக்கம் வாப்பாவின் வாப்பாவைத்தான் அப்பா என்கிறது. என்ட தாடி நரைத்ததைப் பார்த்து எனக்கும் அந்தப் பட்டத்தைத் தந்திருந்தார்கள். "அப்பா, ஹோர்ன் அடிக்காதீங்க. பாவம், மாடு இப்பதான் படுத்திரிக்கி."

தொடக்கம் மட்டும் தெரிந்த பிள்ளைகள்

என்ட ஆட்டோவில் வந்தவர்களில் ரிஸ்னா என்று ஒரு பிள்ளை. டீச்சராக வரவேணும் என்பதுதான் அவளுக்கு எந்த நேரமும் கதை. ஆட்டோவுக்குள்ளேயே மற்றப் பிள்ளைகளைக் கை கட்டி இருக்க வைத்து வகுப்பு நடத்துவாள். ஆனால் பதினோராம் வகுப்பில் எழுதுகிற ஓ.எல். சோதனையில் கணக்குப் பாஸ் இல்லாவிட்டால் டீச்சர் வேலைப் பக்கம் தலை வைத்தும் படுக்க ஏலாது.

கிளாசில் ஆண் பிள்ளைகளுக்கு இராத் தொழுகை இஷாவுக்குப் பிறகு வகுப்பு. அவர்கள் கணக்கு முடிகிற வரைக்கும் இருப்பார்கள், முடிந்த பிறகும் படிப்பிக்கிற சேரைச் சுற்றி நின்று கேட்பார்கள். பெண் பிள்ளைகளுக்கு அந்தித் தொழுகை மஃரிபுக்கு முந்தின வகுப்பு. பொழுதுபட முந்திப் பிள்ளை வீட்டுக்கு வந்துவிட வேணும் என்பது எல்லா உம்மாமாரின் சொல். அதனால் சேர் பெரிய கணக்கைப் பலகையில் பாதி போட்டுக்கொண்டு நிற்க, பாங்குக்கு நேரம் என்று இவர்கள் கொப்பியை மூடிவிடுவார்கள். மிச்சத்தை வீட்டில் செய்யச் சொல்வார். வீட்டில் யார் இருக்கிறார்கள் சொல்லிக்கொடுக்க?

இன்றைக்குப் படித்தது விளங்கியதா என்று ரிஸ்னாவிடம் சும்மா கேட்டேன். "எங்களுக்கு எல்லாக் கணக்குட தொடக்கமும் தெரியும் அப்பா. முடிவுதான் ஒண்டும் தெரியா."

ஓதின பேனை

சோதனைக்கு முதல் நாள் ரிஸ்னாவின் உம்மா பௌசியா ஒரு புதுப் பேனையோடு என்ட ஆட்டோவில் ஏறினார். பள்ளிவாசல் லெப்பையிடம் கொடுத்து ஓதி ஊதி எடுக்க வேணும். தமிழ்ச் சோதனைக்குப் பேனை ஓதவில்லை, சரித்திரத்துக்கும் ஓதவில்லை, கணக்குக்கு மட்டும்தான். அங்கே போய்ப் பார்த்தால் நாலைந்து உம்மாமார் ஆளுக்கொரு பேனையோடு முன்னால் நிற்கிறார்கள். துஆ வேணும், நானும் ஆட்டோவை ஸ்டார்ட் பண்ணுறதுக்கு முந்திக் கேட்கிற ஆள்தான். ஆனால் ஸ்டார்ட் பண்ணினால்தானே அது ஓடும்.

சோதனை முடிந்து பிள்ளைகள் வெளியே வரும்போது நான் கேற்றடியில் நின்றேன். ரிஸ்னா பேனையைத் துணியில் சுற்றி, கண்ணாடிச் சாமான் மாதிரிப் பிடித்துக்கொண்டு வந்தாள். பேனை எப்படி என்று கேட்டேன். "நல்ல பேனை அப்பா. எழுதத்தான் ஒண்டும் இரிக்கல்ல."

வீட்டோடு எழுதிக் கொடுத்தது

மற்றப் பாடமெல்லாம் ஏ, பீ என்று வந்தது. கணக்கு மட்டும் பெயில். மறு தரம் எடுக்கலாம், அடுத்த சோதனைக்குக் காலம் கிடந்தது. ஆனால் பௌசியா வாசலுக்கு வந்து, இனி ரிஸ்னாவை ஏற்ற வர வேணாம் என்று சொல்லிவிட்டார். பின்னால் அவள் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு நின்றாள்.

எங்கட ஊரில் சீனி வருத்தம் இருந்தால் மறைப்பார்கள், இழுப்பு இருந்தால் மறைப்பார்கள். கணக்கு வராததை மட்டும் ஊருக்கே சொல்வார்கள். வீடு பெண் பிள்ளைக்குத்தான் போகும் என்பது எங்கட வழக்கம். அந்த வீட்டோடு சேர்த்து இந்த வருத்தத்தையும் உம்மா மகளுக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறார். இன்னொருக்கால் எழுதிப் பார்க்கட்டுமே தங்கச்சி, புள்ள ஆசைப்படுதே என்றேன். என்னை அண்ணன் முறையில் காக்கா என்கிற பௌசியா சிரித்துக்கொண்டு சொன்னார்: "கணக்கு எனக்கும் ஓடாது, என்ட உம்மாக்கும் ஓடாது காக்கா. இவளுக்கு மட்டும் எங்க இரிந்து ஓடும்?"

கண்ணாடியில் தெரிந்த முகம்

கொஞ்ச நாளில் ரிஸ்னாவுக்கு ஒரு மாப்பிள்ளை பேச்சு வந்தது. பொடியன் கட்டாரில் வேலை. அவருடைய உம்மா பெண்ணைப் பார்த்துவிட்டுப் போகும்போது கல்முனை பஸ் நிலையத்தில் விட என்னைக் கூப்பிட்டார்கள். மரியாதைக்குப் பௌசியாவும் கூடவே ஏறினார். வட்டிலப்பம் நல்லம், வீடு நல்லம், காற்று நல்லம் என்று கதை போனது. மறுகா படிப்பைப் பற்றி வந்தது. பௌசியா வழக்கமான மாதிரியே, எங்கட ஆக்களுக்குக் கணக்கு ஓடாது, மகளும் அதில பெயில் என்று சொன்னார். மறுமொழி வந்த நேரம் நான் பின் சீட்டுத் தெரிகிற கண்ணாடியைப் பார்த்தேன்.

அந்த மாமி நிம்மதியாக ஒரு மூச்சு விட்டார். "பெயிலானது நல்லம்தான் தங்கச்சி. பாசான புள்ள படிக்கப் போறன், வேலைக்குப் போறன் எண்டு நிக்கும். மக்குப் புள்ள எண்டா சொன்னதைக் கேட்டுக்கிட்டு வீட்டோட கிடக்கும்." பௌசியாவின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது, கண் மட்டும் மாறிவிட்டது.

பஸ் நிலையத்தில் சலாம் சொல்லி, கையைப் பிடித்து, நல்ல மரியாதையாகத்தான் அனுப்பி வைத்தார். அவரைத் திரும்ப ஏற்றிக்கொண்டு வந்தேன். தன்ட பிள்ளையைத் தான் மக்கு என்று சொன்னது ஆயிரம் தடவை இருக்கும். இன்னொருத்தர் சொல்லி இன்றைக்குத்தான் கேட்கிறார். சாய்ந்தமருதுக்குள் வந்த பிறகு, அபாயாவின் கையைச் சரி செய்துகொண்டு கேட்டார்: "காக்கா, அந்தக் கணக்குக் கிளாஸ் இப்ப எத்தின மணிக்கி?"

பின் வாங்கில் உம்மா

மாப்பிள்ளை வீட்டுக்கு, சோதனை முடியட்டும் பார்ப்போம் என்று மறுமொழி போனது. ரிஸ்னா திரும்பவும் ஆட்டோவில் ஏறினாள், பக்கத்தில் பௌசியா. பாதிக் கணக்கோடு வீட்டுக்கு வருகிற கதையை ரிஸ்னா சொல்லித்தான் உம்மாவுக்கே தெரியும். அதனால் பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் பௌசியா கிளாஸ் பக்கத்து அறையில் பிள்ளைகளோடு மஃரிப் தொழுதுவிட்டு, மிச்சத்தையும் போட்டு முடியுங்க சேர் என்று பின் வாங்குப் பலகையில் போய் இருந்துகொண்டார். ஒரு உம்மா கூட இருக்கிறார் என்றதும் மற்ற உம்மாமாரும் சரி என்றார்கள். நான் வெளியே ஜன்னலடியில் பிளேன்டீயோடு காவல்.

அந்த வகுப்பில் கேள்வி கேட்கிற பழக்கம் யாருக்கும் இல்லை. கேட்டால் மக்கு என்று தெரிந்துவிடுமாம். சேர் விளங்கியதா என்பார், எல்லோரும் ஓம் என்பார்கள், அவர் அடுத்த கணக்குக்குப் போய்விடுவார். ஒருநாள் அப்படி எல்லோரும் ஓம் சொல்லி முடிந்த பிறகு பின் வாங்கிலிருந்து பௌசியாவின் குரல் வந்தது: இந்தப் பக்கம் நின்ற எக்ஸ் எப்படி சேர் அந்தப் பக்கம் போனது, போகும்போது கூட்டுகிற சக என்று இருந்தது ஏன் கழிக்கிற சய என்று மாறியது? ரிஸ்னா வெட்கத்தில் தலையை மேசையில் வைத்துவிட்டாள். சேர் சோக்கட்டியைக் கீழே வைத்தார், கோபிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அதற்குள் முன் வாங்கில் ஒரு பிள்ளை மெதுவாகக் கையைத் தூக்கியது. "ஓம் சேர், எனக்கும் அது ஒரு நாளும் விளங்கல்ல."

பிறகு நாலைந்து கை எழும்பியது. அன்றைக்கு நாங்கள் வீட்டுக்கு வர நல்லாச் சுணங்கிவிட்டது.

வட்டிலப்பப் பார்சல்

இரண்டாம் முறை ரிஸ்னா சாதாரணப் பேனையோடுதான் போனாள். வெளியே வரும்போது கையெல்லாம் மை. பெறுபேறு வந்த அன்று போனைப் பிடித்துக்கொண்டு அவளே என்ட வீட்டு வாசலுக்கு ஓடி வந்தாள். கணக்குக்கு பீ. அப்பா, நான் டீச்சர் என்றாள். இன்னும் ஏ.எல். சோதனை கிடக்கிறது, அதற்குப் பிறகும் எவ்வளவோ கிடக்கிறது, அதெல்லாம் இருக்கட்டும் என்று நான் கை கட்டி நின்றேன்.

பௌசியா வட்டிலப்பம் அவித்து வாசலுக்கு வாசல் கொடுத்தார். ஒரு பார்சலை வாழையிலை வைத்து, துணி சுற்றி, என்ட கையில் தந்தார். அந்த மாப்பிள்ளையின் உம்மா வீட்டுக்காம். என்ன சொல்லிக் கொடுக்கிறது தங்கச்சி என்று கேட்டேன். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் சொன்னார்: "புள்ள படிக்கப் போறா, வீட்டோட கிடக்க நேரமில்லை எண்டு சொல்லுங்க. எங்கட பரம்பரைக்கு எப்பயும் கணக்கு நல்லா ஓடும் காக்கா, நாங்கதான் பாக்காம இரிந்திட்டம்."

பரம்பரையிலே இல்லாத கணக்கைப் பரம்பரைக்குள் கொண்டு வருவதற்கு ஒரு வாய் நீண்ட மாமியும், பாங்குக்குப் பிறகு அரை மணித்தியாலம் காத்து நிற்க ஒரு ஆட்டோவும் இருந்தால் போதும் என்று இந்தத் தொழிலில் நான் படித்துக்கொண்டேன்.