மாற்றாமல் விட்ட வயல் பெயர்

மார்கழி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. சிறுகதைப் போட்டியில் எனக்கு இரண்டாம் பரிசு என்று மன்னார்குடியிலிருந்து போன் வந்தது. வந்த நேரத்தைக்கூட நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன்: காலை ஒன்பது பத்து. ஒன்பதே முக்காலுக்கு அந்தச் சந்தோஷம் போய்விட்டது. இடையில் நடந்தது ஒன்றுதான். என் மனைவி அந்தக் கதையைப் படித்தாள்.

அதுவரை அவள் படித்திருக்கவில்லை. போட்டிக்கு அனுப்புவதையே அவளிடம் சொல்லவில்லை. தோற்றால் கிண்டல் செய்வாள் என்ற பயம். ஜெயித்த பிறகு நகலை எடுத்து நீட்டினேன். அவரைக்காயை நார் உரித்துக்கொண்டே மடியில் வைத்துப் படித்தாள். இரண்டாம் பக்கத்தில் அவள் விரல்கள் நின்றன.

"ஏங்க, இது பக்கத்து வீட்டு அண்ணன்தானே?"

"பேரை மாத்திட்டேனே."

"ஆளு பேரை மாத்தினீங்க. நாவலடி ஆறு மான்னு வயல் பேரை அப்படியே போட்டு வெச்சிருக்கீங்களே!"

நான் காகிதத்தைப் பிடுங்கிப் பார்த்தேன். இருந்தது. ஓரிடத்தில் அல்ல, ஐந்து இடத்தில்.

எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு வயலுக்கும் ஒரு பெயர் உண்டு. ஆறு மா என்றால் இரண்டு ஏக்கர். நாவல் மரம் விழுந்து பல காலம் ஆகிறது. பெயர் மட்டும் விழவில்லை. ஆட்களில் ஒரே பெயரில் நான்கு பேர் இருப்பார்கள். வயலுக்கு அப்படிக் கிடையாது. நாவலடி ஆறு மா என்று சொன்னால் கீழ்வேளூர் வரை அது யார் வயல் என்று தெரியும். கதை எழுதும்போது ஆட்களின் பெயர்களை மாற்ற வேண்டும் என்று நினைவாக இருந்த எனக்கு, வயலுக்கும் பெயர் இருக்கிறது என்பது தோன்றவே இல்லை. பிறந்ததிலிருந்து சொல்லி வரும் சொல். கை தானாக எழுதிவிட்டது.

இது எப்படி வந்தது என்று முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் நாகப்பட்டினத்தில் ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். நாட்குறிப்பு எழுதுவது பழைய பழக்கம். ஆற்றில் தண்ணீர் திறந்த நாள், அது கடைமடையான எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேர்ந்த நாள், நடவு, அறுப்பு, மழை, சாவு, கல்யாணம் எல்லாம் தேதி கிழமையோடு இருக்கும். ஊரில் சண்டை வந்தால் என்னிடம் வந்து தேதி கேட்பார்கள். கையில் கிடைத்த புத்தகத்தை எல்லாம் படிப்பேன். படித்துப் படித்து, ஓய்வு பெற்ற பிறகு நாமும் ஒரு கதை எழுதினால் என்ன என்று தோன்றியது.

மன்னார்குடியில் ஒரு சிறிய வாசகர் வட்டத்தார் ஞாயிற்றுக்கிழமைகளில் கதை எழுதக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். ஆடி மாதம் நான்கு வகுப்புகள். சொல்லிக்கொடுத்தவர் என் வயதில் பாதி இருப்பார். முதல் வகுப்பில் நான் எழுதிக்கொண்டு போனதை எழுந்து நின்று படித்தேன். முடித்ததும் அவர் கேட்டார்:

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. இது கதையா, மழை ரிப்போர்ட்டா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காது சுட்டது.

"உங்ககிட்ட தேதி நிறைய இருக்கு, ஆளு இல்ல. நல்லாத் தெரிஞ்ச ஒரு ஆளை எழுதுங்க. கண்ணால பார்த்ததை எழுதுங்க."

"தெரிஞ்சவங்களை எழுதினா வம்பு வராதா?"

"பேரை மாத்திடுங்க சார். அவ்வளவுதான்."

அந்த 'அவ்வளவுதான்' என்பதை நான் நம்பினேன்.

ஆவணி கடைசி வாரம், ஒரு திங்கட்கிழமை. பக்கத்து வீட்டு அண்ணன் அவருடைய நாவலடி ஆறு மாவில் சம்பாவுக்கு நேரடி விதைப்பாக நெல் தெளித்தார். நாற்றங்கால் விட்டு நட எங்கள் பக்கம் தண்ணீர் எப்போது வரும் என்ற நிச்சயம் இல்லாததால், காய்ந்த மண்ணில் விதையைத் தெளித்து மேலே ஒரு உழவு ஓட்டி விடுவார்கள். அடுத்த வயல் என்னுடையது. நான் வரப்பில் நின்று பார்த்தேன். மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை போனால், அதே வயலில் இடுப்பில் கூடையோடு அவர் தெளித்துக்கொண்டிருக்கிறார்.

"அண்ணே, நேத்தே தெளிச்சாச்சே?"

"நேத்தா? நேத்து ஞாயித்துக்கிழமைடா. ஞாயித்துக்கிழமை வயல்ல நான் இறங்கி நீ பார்த்திருக்கியா? உனக்குத்தான் கிழமை தப்பாதுன்னு ஊரு சொல்லுது. நல்லா தப்புது போ!"

எனக்கே ஒரு நிமிடம் சந்தேகம் வந்துவிட்டது. வீட்டுக்கு ஓடி நாட்குறிப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். அதற்குள் அண்ணி வந்து கூடையை வாங்கிவிட்டிருந்தார். "முளைப்பு சரியா இருக்காதுன்னு சொன்னாங்க தம்பி, அதான் கூடக் கொஞ்சம் தெளிக்கச் சொன்னேன்" என்றார். என்னைப் பார்க்காமல் சொன்னார். ஊருக்கும் அதையே சொன்னார். பயிர் கோரைப்புல் போல அடைந்து முளைத்தபோது யாரும் வேறு விதமாக நினைக்கவில்லை.

என்னிடம் மட்டும் ஒரு வாரம் கழித்து உண்மையைச் சொன்னார். நான் பார்த்துவிட்டேன் என்பதால் சொன்னார் என்றுதான் இப்போது நினைக்கிறேன். அண்ணனுக்கு ஒரு வருஷமாக நினைவு தப்புகிறது. தஞ்சாவூரில் டாக்டரிடம் காட்டுகிறார்கள். "பொண்ணுக்குக் கல்யாணம் முடியிற வரைக்கும் வெளியில தெரிய வேணாம். அப்பாவுக்கு இப்படின்னா வம்சத்துல இருக்கும்னு பேசுவாங்க. உங்க வாயிலேருந்து வராதுன்னு எனக்குத் தெரியும்."

என் வாயிலிருந்து வரவில்லை. என் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. ஆனால் தீபாவளிக்கு முந்தின வாரம் கதையாக எழுதித் தபாலில் சேர்த்துவிட்டேன்.

ஏன் எழுதினேன் என்று பல முறை என்னையே கேட்டிருக்கிறேன். அந்த மனிதர் கூடையைக் கொடுத்துவிட்டு வெறும் கையோடு வரப்பில் நின்றது என் கண்ணைவிட்டுப் போகவில்லை என்பது ஒரு காரணம். அது நல்ல கதை என்று எனக்குத் தெரிந்தது இன்னொரு காரணம். இரண்டாவதுதான் பெரியது.

மார்கழியில் பரிசு வந்தபோது நிலைமை இன்னும் மோசமாகியிருந்தது. அண்ணன் பெண்ணுக்கு மாப்பிள்ளை அமைந்துவிட்டது. தை மூன்றாவது வாரம் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீடு மன்னார்குடி. பரிசுக் கதைகளைப் புத்தகமாகப் போட்டு, தை பிறந்ததும் அதே மன்னார்குடியில் கூட்டம் போட்டுக் கொடுக்கப்போகிறார்கள்.

அன்றே வகுப்பு எடுத்தவருக்குப் போன் செய்தேன். போட்டியையும் அவர்தான் நடத்தினார்.

"சார், ஒரு சின்னத் திருத்தம். வயல் பேரை மட்டும் மாத்தணும்."

"ஐயோ, அதுதானே சார் கதைக்கே அழகு! நடுவர் அதைத்தான் சொல்லிச் சொல்லிப் பாராட்டினாரு. இந்த மண்ணோட பேருன்னாரு. அதுவும் இல்லாம அச்சுக்குப் போயாச்சு. இப்போ வரி வரியா மாத்த முடியாது."

போனை வைத்தபின் இன்னொன்று உறைத்தது. பெயரை மாற்றினாலும் பயன் இல்லை. எங்கள் ஊரில் இந்த வருஷம் கோரை போல அடைந்து முளைத்த வயல் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. இரண்டு தரம் தெளித்தார் என்று படிக்கிற எவரும் அந்த வயலை நினைப்பார்கள். கதையையே எடுத்தால்தான் உண்டு.

எடுக்கச் சொல்ல எனக்கு மூன்று நாட்கள் ஆயின. வெள்ளி, சனி, ஞாயிறு. அந்த மூன்று நாளும் நான் டீக்கடைக்குப் போகவில்லை. யாராவது இரண்டு பேர் சேர்ந்து சிரித்தால் அண்ணனைப் பற்றித்தானோ என்று இருந்தது. அச்சகத்தில் வேலை பார்ப்பவர் எந்த ஊர்க்காரரோ, அவருக்கு எங்கள் ஊரில் சொந்தம் உண்டோ என்று யோசித்தேன். இவ்வளவு பயத்திலும், புத்தகத்தில் என் பெயர் எப்படி இருக்கும் என்றும் யோசித்தேன். அதை மறைக்க விரும்பவில்லை.

"நீங்க போய்ச் சொல்றீங்களா, நான் போய்ச் சொல்லட்டுமா?" என்று திங்கட்கிழமை காலை மனைவி கேட்டாள். "நான் சொன்னா உங்களைப் பத்தி ரெண்டு வார்த்தை கூடத்தான் சொல்லுவேன்."

போனேன். அண்ணன் உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி கொல்லைப்பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்.

"அண்ணி, நான் அண்ணனைப் பத்தி ஒரு கதை எழுதிட்டேன்."

"அவரைப் பத்தி எழுத என்ன இருக்கு?" என்று சிரித்தார். ஈரப் புடவையை உதறினவர் உதறின கையோடு நின்றார். "தெளிச்சதையா?"

"ஆமா."

"எதுல?"

"ஒரு போட்டியில. புஸ்தகமா வரப்போவுது. மன்னார்குடியில குடுக்குறாங்க."

அவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மன்னார்குடியிலயா?"

"பேரை மாத்திட்டேன் அண்ணி."

"வயலு?"

அதை மாற்றவில்லை என்றேன். அவர் புடவையைக் கொடியில் போடாமல் வாளியிலேயே திரும்பப் போட்டார்.

"இப்பவே பேசுங்க. என் எதிர்ல பேசுங்க."

பேசினேன். கதையையே எடுத்துவிடச் சொன்னதை வகுப்பு எடுத்தவர் முதலில் நம்பவில்லை. "சார், பரிசு அடுத்தவருக்குப் போயிடும். இந்தக் கதைக்கு அப்புறம் இந்த மாதிரி ஒண்ணு உங்களுக்கு எப்போ வரும்னு சொல்ல முடியாது. யோசிச்சீங்களா?" யோசித்தேன் என்றேன். புத்தகம் இன்னும் தைக்கவில்லை, கதையை முழுசாக உருவி எடுத்துவிடலாம் என்றார். வருத்தமாகத்தான் சொன்னார். நன்றி சொல்லி வைத்தேன். இதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

அண்ணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்டைப் பத்தி வேற என்ன எழுதி வெச்சிருக்கீங்க?"

"தண்ணி வந்த நாளு, அறுப்பு நாளு, அவ்வளவுதான் அண்ணி."

பொய். அவர்கள் வீட்டில் சண்டை கேட்ட நாட்கள் இருக்கின்றன. பெண் சென்னை வேலையை விட்டுவிட்டு அழுதுகொண்டே வந்து இறங்கிய நாள் இருக்கிறது. அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பல வருஷம் சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக இருந்திருக்கிறோம். அவர் என்னைப் பார்த்துப் பயந்தது அன்றுதான். என்னைப் பார்த்து ஒருவர் பயப்பட முடியும் என்று எனக்குத் தெரியாது.

பிறகு அவர் சொன்னார்: "சரி. நிச்சயத்தன்னைக்கு நீங்க அவர் பக்கத்துலயே உட்காருங்க. உங்களுக்குத்தான் எல்லாம் தேதியோட தெரியுமே. அவர் தடுமாறினா எடுத்துக் குடுங்க. இதையாவது செய்யுங்க."

செய்ய மாட்டேன் என்று சொல்லும் இடத்தில் நான் இல்லை. ஆனால் தை பிறந்ததிலிருந்து அந்த நாளை நினைத்தாலே பயமாக இருந்தது. போன மாதம் வரை என் பயம், உண்மை வெளியே வந்துவிடுமோ என்பது. இப்போது அதைப் பூட்டி வைக்கிற ஆளாக என்னையே உட்கார வைத்துவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் எனக்கு எந்தக் கெடுதலும் செய்தவர்கள் அல்ல. பெண் எடுக்கிறபோது அவர்களுக்குத் தெரியவேண்டிய ஒன்றைத் தெரியாமல் பார்த்துக்கொள்வது என் வேலை.

நிச்சயதார்த்தம் அண்ணன் வீட்டுக் கூடத்தில் நடந்தது. அண்ணன் புது வேட்டியில் மிடுக்காக இருந்தார். வந்தவர்களை வாய் நிறைய வரவேற்றார். தட்டு மாற்றும் வரை ஒரு தவறும் இல்லை. தட்டு மாற்றியபின் கல்யாணம் வைகாசியில் என்று முடிவாகி, காபி வந்தது. மாப்பிள்ளையின் அப்பா நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவரும் விவசாயி.

"சம்பந்தி, உங்க பக்கம் அறுப்பு எப்போ?"

அண்ணன் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "நாளைக்குத்தான் தெளிக்கணும்."

வெளியே நெல் முற்றித் தலை சாய்ந்து நிற்கிறது. மாப்பிள்ளையின் அப்பா புருவத்தைத் தூக்கினார்.

"அறுப்பைக் கேட்டா தெளிப்பைச் சொல்றாரே!"

"உளுந்தைச் சொல்றாங்க" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "அறுப்புக்கு ஒரு வாரம் முன்னாடி பயிருக்குள்ளேயே உளுந்து தெளிச்சுடணும்ல? இங்க அறுப்பைவிட அதுதான் பேச்சு."

"அட, ஆமா! ஈரம் காயறதுக்குள்ள போட்டாத்தானே." அவர் முகம் மலர்ந்துவிட்டது. அண்ணன் தோளில் தட்டினார். "சம்பந்தி கவலை எல்லாம் வயல்லதான் இருக்கு. எனக்கு இப்படி ஒருத்தர்தான் வேணும். எங்க வீட்டுல விவசாயம்னு பேச ஆளே இல்ல."

அண்ணனும் சிரித்தார். கதவோரத்தில் காபித் தட்டோடு நின்ற அண்ணி மூச்சு விட்டது எனக்குத் தெரிந்தது. நானும் அப்போதுதான் விட்டேன்.

"கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு நாள் நான் மட்டும் வரேன் சம்பந்தி" என்றார் அவர். "இந்தக் கூட்டம் எதுவும் வேணாம். நாம ரெண்டு பேரும் மட்டும் வரப்புல நடந்துக்கிட்டே நாள் பூரா பேசுவோம்."

"வாங்க, வாங்க" என்றார் அண்ணன்.

அண்ணி கையிலிருந்த தட்டில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

"என்னைக்கு வர்றீங்க?" என்று நான் கேட்டேன். "எந்தத் தேதி, எந்தக் கிழமைன்னு சொல்லிட்டா நல்லது."

அவர் என்னைப் பார்த்துப் பெரிதாகச் சிரித்தார்.

"சொந்தக்காரன் வீட்டுக்குத் தேதி கிழமை பார்த்தா வருவாங்க? தோணுற அன்னைக்கு வந்து நிப்பேன் சார்."