சம்பந்தியின் பேக்ஹேண்ட்

தோற்பது எனக்குப் பிடிக்காது. யாருக்குத்தான் பிடிக்கும் என்று நீங்கள் கேட்கலாம். மற்றவர்கள் தோற்றால் அது கோர்ட்டு வாசலோடு முடிந்துவிடும். நான் தோற்றால் அது என்னோடு வீட்டுக்கு வந்து சமையலறை வரைக்கும் நுழையும். அன்றைக்கு எங்கள் வீட்டு மிக்ஸிகூடக் கூடுதலாகச் சத்தம் போடும் என்று என் மகன் சொல்வான். ஐம்பத்து மூன்று வயதில், விடியும் முன்னே எழுந்து, வடவள்ளியில் தகரக் கூரை போட்ட ஒரு ஷட்டில் கோர்ட்டில் லேடீஸ் பேட்ச்சில் ஆடுகிறவள் நான். அங்கே என்னை ஜெயிக்கக்கூடியவர்கள் இரண்டு பேர். அதில் ஒருத்தி பல் டாக்டர். அவளிடம் தோற்ற வாரத்தில் எனக்குப் பல் வலித்தால் வேறு டாக்டரைத்தான் பார்ப்பேன்.

என் வீட்டுக்காரர் வேறு ரகம். வாழ்நாளில் ஒரு பேட்டைக் கையில் பிடித்ததில்லை. ஆனால் டிவியில் எது ஓடினாலும் பார்ப்பார். கிரிக்கெட், கபடி, எந்த ஊர் என்றே தெரியாத இரண்டு ஊர்களின் ஃபுட்பால், எதையும் விடமாட்டார். இரண்டு பக்கமும் தெரியாத ஆட்டத்தில் என்ன ருசி என்று ஒருநாள் கேட்டேன். "ஒருத்தன் பொய் சொல்லாம இருக்கறத வேற எங்க பாக்கறது அம்மணி? ஓடறவன் ஓடித்தானே ஆவோணும்" என்றார். அவர் இப்படி எப்போதாவதுதான் பேசுவார். உடனே ஒரு டீ கேட்டு அதைக் கெடுத்தும் விடுவார்.

எனக்குப் பார்ப்பதைவிட ஆடுவதுதான் பிடிக்கும். அதற்குக் காரணம் எங்கள் ஊர் மரியாதை. எங்கள் பக்கத்தில் திட்டுவதைக்கூட மரியாதையாகத்தான் திட்டுவோம். "அறிவிருக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டு, "சாப்பிட்டுப்போட்டுப் போங்க" என்றும் சொல்வோம். மனதில் இருப்பதை அப்படியே யாரிடமும் சொல்ல முடியாது. கோர்ட்டுக்குள் மட்டும் அந்தத் தொல்லை இல்லை. எதிரில் யார் நின்றாலும் அவருக்கு எட்டாத இடம் பார்த்துத்தான் பந்தைப் போட வேண்டும், அதற்காக யாரும் கோபித்துக்கொள்ளவும் கூடாது. ஆளுக்கு ஆள் அனுசரித்துப் பேசிச் சலித்தவர்களுக்கு அந்த ஒரு மணி நேரம் பெரிய ஆறுதல். ஜனங்கள் ஏன் விளையாட்டு விளையாட்டு என்று அலைகிறார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரிந்த பதில் அதுதான்.

இரண்டு வருடங்களுக்கு முன் மகனுக்குக் கருமத்தம்பட்டியில் பெண் எடுத்தோம். மருமகள் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அமைதியான பெண். டம்ளர் கீழே விழுந்து சத்தம் கேட்டால், அடுத்த அறையிலிருந்துகூட "சாரிங்க அத்தை" என்பாள். விழுந்தது பெரும்பாலும் நான் போட்ட டம்ளராக இருக்கும்.

அவளுடைய அம்மா, அதாவது என் சம்பந்தியம்மா, என்னைவிட இரண்டு வயது இளையவர். அவர்களுக்கு மூன்று தறிக்கொட்டகைகள். அதில் ஒன்றைக் காலி செய்து, தரையில் பச்சை மேட் விரித்து, ஷட்டில் கோர்ட்டு ஆக்கி வாடகைக்கு விட்டிருந்தார்கள். பக்கத்துக் கொட்டகையில் தறி ஓடுகிற சத்தம் சுவர் வழியாக வந்துகொண்டே இருக்கும். சம்பந்தியும் கொஞ்சம் ஆடுவார் என்று தெரிந்ததும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நான்கு பேரும் அங்கே போய்விடுவோம். முதலில் ஆட்டம், பிறகு குளியல், அப்புறம் நாட்டுக்கோழிக் குழம்பு.

ஒவ்வொரு முறையும் நான்தான் ஜெயித்தேன். அதுவும் சும்மா இல்லை. கடைசி வரை இழுபறியாக வந்து, இரண்டு மூன்று பாயிண்டில் ஜெயிப்பேன். மருமகள் ஓரத்தில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து சின்னக் குரலில் ஸ்கோர் சொல்வாள். வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார். கடைசிப் பாயிண்டு விழுந்ததும் சம்பந்தி நெட்டுக்கு அந்தப் பக்கம் நின்று, "அடேங்கப்பா! உங்க கை நெம்ப வேகமுங்க சம்பந்தி" என்பார். திரும்பி வரும் வழியெல்லாம் அந்த ஆட்டத்தையே பேசிக்கொண்டு வருவேன். காரில் எல்லோரும் சிரித்த முகமாக இருப்பார்கள்.

போன தை மாதம் அவிநாசியில் ஒரு கல்யாணம். நானும் வீட்டுக்காரரும் மட்டும் போயிருந்தோம். விடியற்காலை முகூர்த்தம் முடிந்து திரும்பும்போது, வழிதானே, சம்பந்தி வீட்டில் தலையைக் காட்டிவிட்டுப் போகலாம் என்றேன். சொல்லாமல் போனோம். வீட்டில் ஆள் இல்லை. கோர்ட்டுக் கொட்டகையிலிருந்து ஷூ தேய்கிற சத்தமும் சிரிப்பும் கேட்டது. பட்டுப் புடவையோடு அந்த வாசலில் போய் நின்றேன்.

சம்பந்தி ஒரு பக்கம் தனியாக நின்றார். எதிர்ப்பக்கம் இரண்டு இளம் பெண்கள். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் இடது பக்கம் போன பந்தைச் சுற்றி ஓடி வந்து தட்டுத்தடுமாறி எடுப்பாரே, அதே சம்பந்தி, முதுகைத் திருப்பிக்கொண்டு, மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டினார். பந்து கோர்ட்டின் அந்தக் கோடிக்குப் போய் மூலையில் விழுந்தது. அப்படி ஒரு பேக்ஹேண்டை நான் டிவியில்தான் பார்த்திருக்கிறேன். "எடுங்கடி பாக்கலாம்!" என்று அவர் போட்ட கூச்சலில் தறிச்சத்தமே அடங்கிப்போனது.

பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். அடுத்து, கைக்கு நேராக லட்டு மாதிரி ஒரு பந்து வந்தது. அதை நேரே நெட்டில் அடித்தார். நான் வாசலில் புடவையோடு நிற்கிறேன், எனக்கும் அந்த ஆட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் என் முகத்தைக் கண்டதும் அந்தக் கை தானாகத் தோற்றுவிட்டது.

காபி குடித்தோம், கல்யாணத்தைப் பற்றிப் பேசினோம், கிளம்பினோம். கார் நீலாம்பூர் தாண்டியதும் ஆரம்பித்தேன்.

"ஏனுங்க, அவிய இத்தன நாளா எனக்குப் பிச்சை போட்டிருக்கறாங்க."

"உனக்கு இப்பத்தான் தெரியுமா? நான் மொதோ வாரமே கண்டுபோட்டேன்" என்றார் வீட்டுக்காரர், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அப்பறம் ஏன் சொல்லுல?"

"ஊட்டுக்கு வர்றப்ப நீ சந்தோசமா வந்தியே அம்மணி."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நான் ஜெயித்த ஆட்டங்களை எல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். கடைசி நேரத்தில் நெட்டில் பட்ட சர்வீஸ்கள், கோட்டுக்கு வெளியே போன பந்துகள். ஒன்றிலாவது நான் நிஜமாக ஜெயித்தேனா என்று தெரியவில்லை. பல் டாக்டரிடம் தோற்றதுகூட அதைவிட மேல். அது என் சொந்தத் தோல்வி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் வழக்கம்போலத் தொடங்கியது. மூன்றாவது பந்திலேயே சம்பந்தி நெட்டில் அடித்தார். நான் பேட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

"சம்பந்தி, நெசமா ஆடறதுன்னா ஆடுங்க. இல்லைன்னா குழம்பச் சாப்பிட்டுப்போட்டு நாங்க கெளம்பறோம். இன்னமேல் இந்தக் கோர்ட்டுக்குள்ள கால் வெக்கமாட்டேன்."

அவர் பேச்சு மாற்றிப் பார்த்தார். வயசாகிவிட்டது என்றார், முட்டி வலி என்றார். நான் நகரவில்லை. கடைசியில் நெட் அருகே வந்து, மகளுக்குக் கேட்காமல் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"நீங்க தோத்தா முகம் வாடிப்போகுமுங்க. அந்த முகத்தோட ஊட்டுக்குத்தான போவீங்க? அங்க எம்புள்ள இருக்கறாளுங்க. எனக்கென்னங்க, ஒரு ஆட்டந்தானுங்க. தோத்துப்போட்டுப் போறேன்."

என் வீட்டு மிக்ஸிச் சத்தம் கருமத்தம்பட்டி வரை கேட்டிருக்கிறது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வெட்கமாக இருந்தது. இந்த அம்மாவை வருத்திவிட்டோமே என்று கஷ்டமாகவும் இருந்தது. ஆனால் நான் மன்னிப்புக் கேட்டிருந்தால் அவர் பதிலுக்கு நான்கு முறை கேட்டிருப்பார், அதற்கே பொழுது போயிருக்கும். பேட்டை எடுத்துக்கொண்டேன்.

"ஆடுங்க. எம் முகத்த நான் பாத்துக்கறேன்."

ஆடினார். அதைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. இரண்டு கேமிலும் நான் பத்தைத் தொடவில்லை. மருமகள் ஸ்கோர் சொல்லும் குரல் போகப் போகத் தேய்ந்து, கடைசியில் உதடு மட்டும்தான் அசைந்தது. சாப்பாட்டின்போது சம்பந்தி என் இலையில் ஈரலை எல்லாம் எடுத்து எடுத்து வைத்தார்.

திரும்பி வரும்போது காரில் ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. மகன் கண்ணாடி வழியாக என் முகத்தைப் பார்ப்பதும் பார்வையைத் திருப்புவதுமாக ஓட்டினான். உள்ளுக்குள் எனக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. வாக்குக் கொடுத்துவிட்டால் கோபம் வராமல் போய்விடுமா என்ன? ஆனால் அந்தக் கோபத்தில் ஒரு சுகமும் இருந்தது. பத்துப் பாயிண்டுக்குக் கீழே என்றாலும் அவ்வளவும் நானே எடுத்த பாயிண்டு.

வீட்டுக்கு வந்ததும் மருமகள் காபியைக் கொண்டுவந்து, தூரத்தில் வைத்துவிட்டு நகரப் பார்த்தாள். நான் விடவில்லை.

"கண்ணு, உங்கம்மா அந்த பேக்ஹேண்ட எப்படி அடிக்கறாங்க? காலை எங்க வெக்கறாங்க?"

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சமையலறையிலிருந்து தோசைக்கரண்டியை எடுத்து வந்தாள். வலது காலைக் குறுக்கே முன்னால் வைத்து, முதுகைத் திருப்பி, மணிக்கட்டைச் சுண்டினாள். தோசைக்கரண்டி காற்றில் விர்ரென்றது.

பார்த்துக் கற்றுக்கொண்ட கை அப்படிச் சுண்டாது. எனக்கு அது தெரியும்.

"நீ ஆடுவியா?"

"ஆடுவேனுங்க அத்தை."

"உங்கம்மா அளவுக்கா?"

கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மாவ நான் ஜெயிச்சுப்போடுவேனுங்க."

இரண்டு வருடமாக இந்த வீட்டில் இருக்கிறாள். தினமும் காலையில் நான் கோர்ட்டுக்குக் கிளம்பும்போது கதவைத் திறந்துவிடுகிறாள். அங்கே போனாலோ பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து ஸ்கோர் சொல்கிறாள். பேட் எங்கே என்று கேட்டேன்.

"அம்மா ஊட்டு பீரோலங்க. கல்யாணத்தப்ப துணிமணியோடதான் எடுத்து வெச்சிருந்தேன். உங்க அத்தையும் ஆடறாங்களாம், போற ஊட்டுல போட்டி வேண்டாம் கண்ணுன்னு அம்மாதான் வெளிய எடுத்துட்டாங்க."

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அம்மா ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும்தான் தோற்றார். இந்தப் பெண் ஆட்டத்தையே விட்டுவிட்டாள். காபியைத் தள்ளி வைத்தேன். பிறகு சம்பந்திக்கு ஃபோன் செய்தேன்.

மறுநாள் சாயங்காலமே அவர் பஸ் ஏறி வந்துவிட்டார். ஒரு கூடையில் முருங்கைக்காய், இன்னொரு கையில் துண்டு சுற்றிய பேட். சீர்த்தட்டில் வைத்துத் தராததுதான் குறை. மகள் அதைப் பிரித்து, பிடியில் புதுசாகச் சுற்றியிருந்த கிரிப்பைத் தடவிப் பார்த்தாள். பீரோவில் கிடந்த பேட்டுக்கு அந்த அம்மா கிரிப் மாற்றி வைத்திருந்திருக்கிறார்.

விடிந்ததும் இரண்டு பேரும் ஒரே ஸ்கூட்டரில் கோர்ட்டுக்குப் போனோம். லேடீஸ் பேட்ச் முழுக்க ஓரத்தில் உட்கார்ந்துவிட்டது, பல் டாக்டர் உட்பட. மாமியார், மருமகள் ஆட்டத்தை யார் விடுவார்கள்? முதல் நான்கைந்து பந்து என் கைக்கே வந்தது, நல்ல பதமாக.

"கண்ணு, உங்கம்மா சோலியெல்லாம் இங்க வேண்டாம்" என்றேன்.

அதற்குப் பிறகு நான் ஓடிய ஓட்டம் அந்தக் கோர்ட்டுக்குத்தான் தெரியும். இடது மூலை, வலது மூலை, நெட்டுக்கு முன்னால், மறுபடியும் மூலை. இரண்டாவது கேம் முடியப்போகிற நேரத்தில் நான் தூக்கிக் கொடுத்த பந்தை அவள் எகிறி ஒரு ஸ்மாஷ் அடித்தாள். அது நேராக வந்து என் கழுத்தெலும்பில் பட்டது. சுள்ளென்று வலித்தது. அவள் கை தானாக வாய்க்குப் போனது. அந்தச் 'சாரிங்க அத்தை'க்காக எல்லோரும் காத்திருந்தார்கள், நானும்தான்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் பந்தை எடுத்து நெட்டுக்கு மேலே அவள் பக்கம் போட்டேன். அவள் கையை இறக்கி அதைப் பிடித்துக்கொண்டாள்.

"பத்தொம்பது ஆறுங்க அத்தை. சர்வீஸ் எனக்குங்க" என்றாள், கோர்ட்டு முழுக்கக் கேட்கும்படி.